சிப்பாய் என்று டைப் அடித்தேன்

22 ஆகஸ்ட் 1966, திங்கள்

காலையிலிருந்து மழை. எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஐயா தோல் குடோனில் ராத்திரிக் காவல் முடிந்து வந்த கையோடு, என் செருப்பையும் ஆபீஸ் பையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால். மெயின் ரோடு வந்ததும் செருப்பைத் தரையில் வைத்தார். மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்துக்கு முன்னால் ஒரு வெற்றிலைக் கடை இருக்கிறது. அங்கே பையை நான் வாங்கிக்கொள்வேன். அதற்கு மேல் வரவேண்டாம் என்று என் அப்பாவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் வந்ததில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஷ்யாமளா நிற்பாள். ஆபீசில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. மாட்டுங்காவில் எங்கள் வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தாராவிக்குள் இருக்கிற எங்கள் பேட்டைக்குப் பெயரே மாட்டுங்கா லேபர் கேம்ப்தானே. முதல் பாதியைச் சொன்னேன். பொய்யா அது?

எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. போன திங்கள் சுதந்திர தினக் கொடியேற்றம். போன வருஷச் சண்டைக்குப் பிறகு கேம்பில் பட்டாளத்துக்காரர்களுக்குத் தனி மரியாதை. தங்கபாண்டி மாமா, பட்டாளத்தில் நாயக் ரேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார். ஐயாவும் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். "மெடல் உள்ளவங்க உக்காருங்க. மத்தவங்க பின்னால நின்னுக்கிடுங்க" என்றார் மாமா. ஐயா பின்னால் போய் நின்றார். நான் பெண்கள் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஐயா இன்று சொல்கிறார்: "எனக்கும் மெடல் உண்டுட்டி. பரேடுல வச்சுப் பேரை வாசிச்சாவ. புஸ்தகத்துல ஏத்தாம விட்டுட்டான். எழுதிக் கேட்டா ஏத்துவானாம். நீ எழுதுதியா?"

எழுதுகிறேன் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

28 ஆகஸ்ட், ஞாயிறு

ஐயாவின் பட்டாள டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். என்றைக்கோ எங்கள் ஒற்றை அறைக் கோலிக்குள் வெள்ளம் புகுந்தபோது ஊறி, அட்டை மட்டும் மிச்சம். நம்பர் போய்விட்டது. "நீ எழுது, நான் சொல்லுதேன்" என்றார். நான் ஷார்ட்ஹேண்ட் நோட்டை எடுத்தேன்.

பெயர் வேலுச்சாமி. திருநெல்வேலி ஜில்லா. பர்மா எல்லையில் பட்டாள ஆஸ்பத்திரி.

"என்ன வேலைன்னு போடட்டும் ஐயா?"

"ஸ்வீப்பர்."

பென்சில் நின்றுவிட்டது. அம்மா அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள், திரும்பவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் ஐயா பொய் சொன்னதே இல்லை. பட்டாளத்தில் இருந்தேன் என்பார், அவ்வளவுதான். சிப்பாய் என்று நிரப்பிக்கொண்டது நான். பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், எங்கப்பா துப்பாக்கி பிடித்தவர் என்று.

"துப்பாக்கிதான் கேட்டேன்" என்றார் ஐயா. "என்ன சாதின்னான். சொன்னேன். தொடப்பத்தைக் குடுத்தான்."

கோபமே இல்லாமல் சொன்னார். மேலே சொல்லிக்கொண்டு போனார். விடியற்காலையில் ஜப்பான்காரன் ஆஸ்பத்திரியைச் சுற்றிவிட்டான். ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களில் பாதிப் பேர் செத்தார்கள், மீதிப் பேரைக் காணோம். ஐயாவிடம் இருந்தது கக்கூஸ் வாளி ஏற்றும் கைவண்டி. வாளிகளை இறக்கிவிட்டு, கம்பளியை விரித்து, அடிபட்டவர்களை ஒவ்வொருவராகப் படுக்கவைத்து, ஓடை வழியாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பத் திரும்ப.

"ஒரு கேப்டன் சாப், குடல் சரிஞ்சு கெடக்காரு. அப்பவும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் வந்தாரு. வண்டி அப்பிடி நாறிச்சு" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

30 ஆகஸ்ட், செவ்வாய்

எல்லோரும் போனபிறகு டைப் அடிக்கலாம் என்று ஆபீசில் உட்கார்ந்தேன். பாதி அடித்திருப்பேன், முதுகுக்குப் பின்னால் ஷ்யாமளா. குடையை மறந்துவிட்டாளாம். "யாருக்குடி அடிக்கறே?" என்று குனிந்தாள்.

"அப்பாவுக்கு. மிலிட்டரி மெடல் விஷயமா."

"உங்கப்பா மிலிட்டரியா, சொல்லவே இல்லையே." தோளில் கையை வைத்துக்கொண்டு காகிதத்தையே பார்த்தாள். அடுத்து அடிக்கவேண்டியது என்ன வேலை என்பது.

விரல் நிற்கவில்லை. சிப்பாய் என்று அடித்துவிட்டது. விரலாம். விரல்மேல் பழி போடுகிறேன் பார். நான்தான் அடித்தேன். கைவண்டி வரவேண்டிய இடத்தில் ஸ்ட்ரெச்சர் என்று அடித்தேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறமாவது காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. படிக்க நன்றாக இருந்தது. அந்தக் காகிதத்தில் இருந்த அப்பாவை எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் ஐயா கையைத் துடைத்துக்கொண்டு தமிழில் கையெழுத்துப் போட்டார். "எல்லாம் சரியா எழுதிருக்கியா?" "சரியா இருக்கு ஐயா."

1 செப்டம்பர், வியாழன்

பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியாயிற்று.

14 டிசம்பர், புதன்

பதில் வந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியின் சிப்பாய்களில் வேலுச்சாமி என்று ஒருவர் பெயரும் இல்லை. ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களில் பதக்கம் பெற்றவர்களிலும் இல்லை. ஆகவே பதிவில் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஐயா முகத்தையே பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னேன். "என் பேரே இல்லேங்கானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சிப்பாய்களில் இல்லை என்பதைச் சொல்லவில்லை. மொட்டையாக, இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்.

26 ஜனவரி 1967, வியாழன்

குடியரசு தினம். ஐயா கொடியேற்றத்துக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டார்.

பதில் வந்த சேதி கேம்ப் முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் தங்கபாண்டி மாமா எல்லோரும் கேட்கச் சொல்கிறார்: "சர்க்காரே கைய விரிச்சிட்டான். பட்டாளத்துல இருந்தாராங்கறதே சந்தேகமா இருக்கு. நம்ம வேலுச்சாமி அண்ணன் எந்த டூரிங் கொட்டகையில பாத்த சண்டையோ." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால் முதலில் என்னையல்லவா சொல்லவேண்டும்.

12 பிப்ரவரி, ஞாயிறு

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஐயா அவளிடம் மெதுவாகக் கேட்கிறார்: "ஏ இசக்கி, பேரை வாசிச்சாங்கன்னு நான் லீவுல ஊருக்கு வந்தப்பவே உங்கிட்டச் சொன்னேன்லா? இல்ல, பெறகு நானா நெனச்சுக்கிட்டேனா?"

அம்மா, "சொன்னீயளே" என்றாள்.

"பேரை வாசிச்ச சாப் சும்மா வெளையாட்டுக்குச் சொல்லிருப்பாரோ. இங்கிலீசுல சொன்னதை நான் தப்பா வெளங்கிட்டனோ."

ஐயோ. அவருக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டதே. இத்தனை வருஷமாக ஒரு பேச்சு மாறாத மனுஷன். போ, போய்ச் சொல்லு. ஏன் இங்கே உட்கார்ந்து கிறுக்கிக்கிட்டு இருக்கே. உனக்கெல்லாம் எதுக்கு டைரி.

19 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

புதிதாகக் கையெழுத்து வேண்டும் என்று ஆரம்பித்தேன். எதற்கு என்றார். "முதல்ல எழுதினதுல தப்பு ஆயிட்டு ஐயா. ஸ்வீப்பர்னு போடல. சிப்பாய்னு போட்டுட்டேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வண்டி?" என்றார்.

"அதையும்... ஸ்ட்ரெச்சர்னு."

"வண்டியையுமா மாத்திட்டே."

அதற்குத்தான் அவர் குரல் உடைந்தது. பேனாவை வாங்கி வெள்ளைத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேலே நான் என்ன அடித்தாலும் சரி என்பதுபோல. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என்னிடம், "உனக்கு அந்த வேலை கேவலம். அந்தச் சம்பளத்துலதான் எனக்குத் தாலி செஞ்சாரு" என்றாள். திட்டக்கூட இல்லை. சும்மா சொல்வதுபோலச் சொன்னாள்.

20 பிப்ரவரி, திங்கள்

அவர் சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் அடித்து அனுப்பினேன். ஆனால் ஆபீசில் அடிக்கவில்லை. நான் டைப் படித்த இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், அங்கே ஒரு மெஷினில் அடித்தேன். இப்போதும் பயம்தான். வெட்கமாக இருக்கிறது, அதற்கும் சேர்த்து.

காலையில் ஐயா பை தூக்க வரவில்லை.

9 ஏப்ரல், ஞாயிறு

பேசுகிறார். சாப்பிட்டியா, மழை வருமா, பாயைச் சுருட்டு. எல்லாம் பேசுகிறார். பையை மட்டும் தொடுவதில்லை. நானே சாக்கடைக்கு மேல் கிடக்கும் பலகையைத் தாண்டிப் போகப் பழகிவிட்டேன்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

ரிஜிஸ்டர் பார்சல். நான் ஆபீசிலிருந்து வரும்வரை பிரிக்காமல் வைத்திருந்தார்கள்.

கடிதத்தில் இருப்பது இதுதான்: ஸ்வீப்பர் வேலுச்சாமிக்குப் பதக்கம் அறிவித்தது அப்போதே ஆவணத்தில் இருக்கிறது. 'தன் கைவண்டியில் காயம்பட்டவர்களை' என்றே அதில் எழுதியிருக்கிறது. அவருடைய பதிவேட்டில் ஏற்றாமல் விட்டது பிழை, இப்போது சேர்த்தாயிற்று. சண்டை முடிந்த மறுவருஷம் ஊர் முகவரிக்கு அனுப்பிய பதக்கம், ஆள் இல்லை என்று திரும்பி வந்து, இத்தனை காலமும் அவர்களிடமே பத்திரமாக இருந்திருக்கிறது.

"ஊருல நம்ம தெருவுக்குள்ள தபால்காரன் என்னைக்கு வந்தான்" என்றாள் அம்மா.

ஆக, அது அங்கேயே இருந்திருக்கிறது. நான் அடிக்கக் கூசிய அந்த வார்த்தைக்குக் கீழே. முதலிலேயே அடித்திருந்தால் குழாயடியில் ஐயாவைச் சொல்லி யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

வெள்ளி. ஒரு பக்கம் வெள்ளைக்கார ராஜா தலை. விளிம்பில் ஆங்கிலத்தில் பொடிப்பொடியாகச் செதுக்கியிருக்கிறார்கள். "என்ன போட்டிருக்கு, படி" என்றார் ஐயா. படித்தேன். நம்பர், ஸ்வீப்பர், வேலுச்சாமி, ஆஸ்பத்திரிப் பெயர். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சரியாப் போட்டிருக்கான்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

11 ஆகஸ்ட், வெள்ளி

"ஒங்க ஆபீசுல காட்டணும்னா கொண்டுபோ" என்று கொடுத்தார். கொண்டுபோனேன். பைக்குள்ளேயே இருந்தது. அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். காட்டினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான் முடிந்தது.

15 ஆகஸ்ட், செவ்வாய்

ஐயா சட்டையில் பதக்கம் குத்தி நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கபாண்டி மாமா குனிந்து பார்த்தார். "எந்தச் சண்டையில அண்ணாச்சி?"

"சண்டை போடலப்பா. கக்கூஸ் வாளி தள்ளுனேன். ஆள் தூக்குறவன் செத்துட்டான். அதனால ஆளையும் தள்ளிக்கிட்டுப் போனேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐயா பெண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். "லேகா, இங்க வா. படிச்சுச் சொல்லு."

போனேன். எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன், எதையும் விடாமல். மாமா தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். இடம் விட்டாரா, விலகி உட்கார்ந்தாரா, தெரியவில்லை. ஆனால் கொடிக்கயிற்றை ஐயா கையில்தான் கொடுத்தார்.

எல்லோரும் நன்றாகப் படித்தாய் என்றார்கள். கேம்பில் படிப்பது பெரிய காரியமா. இங்கே நான் யார் மகள் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நாளைக்குச் சில்லறை இருக்கிறதா என்று ஆபீஸ் பையைத் திறந்தேன். உள்ளே கைக்குட்டையில் சுற்றிப் பதக்கம் இருக்கிறது. நான் வைக்கவில்லை.

16 ஆகஸ்ட், புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து ஷ்யாமளா மேஜையில் வைத்தேன்.

"என்னடி இது, வெள்ளியா?"

"எங்கப்பாவோடது. அன்னிக்கு அடிச்சேனே."

விளிம்பைத் திருப்பினாள். அவளும் டைப்பிஸ்ட்தான், பொடி எழுத்து அவளுக்கு ஒரு பார்வை போதும். மெதுவாகக் கீழே வைத்தாள். "மாட்டுங்காவுல நீ எங்கே இருக்கே?" இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. பேச்சில் 'டி' போடவும் இல்லை.

"லேபர் கேம்ப். தாராவி" என்றேன்.

"ஓ" என்றாள். திறந்த டிபன் டப்பாவை மூடினாள். அவசரமாக ஒரு லெட்டர் முடிக்கவேண்டும் என்று மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிஜமாகவே அவசரமாக இருக்கலாம். நான் என் சோற்றை முழுவதும் சாப்பிட்டேன். சாயங்காலம் ரயிலில் அவள் வேறு பெட்டியில் ஏறினாள்.

பாலத்துப் படி இறங்கும்போது பார்த்தால் வெற்றிலைக் கடையில் இல்லை, படிக்கட்டின் அடியிலேயே ஐயா நிற்கிறார். குடோனுக்குப் போகிற சட்டையோடு.

"காட்டுனியா?"

"காட்டினேன் ஐயா."

"என்ன சொன்னா?"

"நல்லா இருக்குன்னு சொன்னா."

தலையை ஆட்டிக்கொண்டு கையை நீட்டினார். பையைக் கொடுத்தேன்.