கத்திரி வெயிலில் உப்பில்லாமல்

மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். எட்டு மணிக்கே கோட்டை மலைப் பாறையிலிருந்து அனல். நீச்சல் பயிற்சி தரும் மிஸ்ஸும் நாங்களும் ஆறு மணிக்கே கிணற்றில். 17ஆம் தேதி விழுப்புரத்தில் மாவட்ட செலக்‌ஷன், நிஜமான நீச்சல் குளத்தில். அதுவரை இந்த வயல் கிணறுதான். இந்தச் சுவரைத் தொட்டு அந்தச் சுவர், திரும்ப இந்தச் சுவர்.

சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை. செடி முழங்காலுக்குக்கூட வராது, ஒதுங்க இடமில்லை. அதனால் எழுந்ததிலிருந்து பயிற்சி முடியும்வரை பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. கவிதா கேட்டாள்: "தண்ணியிலயே ஊறிக் கெடக்குறோம், இன்னாத்துக்குடி குடிக்கணும்?" சிரித்தோம். சரியாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து ஒன்றுக்குப் போனேன். கடலை எண்ணெய் நிறம். பயமாக இருக்கிறது.

மே 5, செவ்வாய்

கண்ணாடியில் கண்ணைப் பார்த்தேன். மஞ்சளா, பல்பு வெளிச்சமா? வாசலில் போய்ப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

அம்மாவின் தம்பி, சின்ன மாமா, மஞ்சள்காமாலையில்தான் போனார். அவருக்கும் முதலில் இப்படித்தானாம். அம்மாவிடம் சொன்னால் கிணறு இல்லை, செலக்‌ஷன் இல்லை. சொல்லப்போவதில்லை. வைத்தியம் நானே. வரப்பில் கீழாநெல்லி நிறைய, அரைத்து வெறும் வயிற்றில். எண்ணெய் கூடாது, உப்பு கூடவே கூடாது. மாமாவுக்கு அப்படித்தான் பத்தியம் வைத்தார்கள். (அவர் பிழைக்கவில்லை என்பதை நினைக்கக் கூடாது.)

மதியம் அம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னாடி, கொழம்பு வேணாமா?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "மாதாவுக்கு வேண்டிக்கினேன்மா. செலக்‌ஷன் வரைக்கும் உப்பு சேக்க மாட்டேன்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் நெற்றியில் சிலுவை வரைந்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள். விழுங்கவே முடியவில்லை.

மே 7, வியாழன்

தலைவலி. நிறம் இன்னும் கறுத்திருக்கிறது. கீழாநெல்லி கேட்கவில்லை.

அம்மா கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் என் வேண்டுதலைச் சொல்லிவிட்டாள். அந்தோணி கடையில் சோப்பு வாங்கப் போனால் அவர்கூட, "உப்பில்லாமலாமே, பெரிய வைராக்கியம்மா" என்கிறார். இனி நிறுத்தவும் முடியாது.

இன்னொரு பைத்தியக்காரத்தனம். நிறத்தைப் பார்க்கப் பயந்து வீட்டிலும் தண்ணீர் குறைத்துவிட்டேன். போனால்தானே பார்க்க வேண்டும்.

மிஸ் நேரம் பார்த்தார். போன வாரத்தைவிட மோசம். "டென்ஷனா?" என்றார். ஆமாம் மிஸ்.

உட்கார்ந்திருக்கும்போதே கெண்டைக்கால் துடிக்கிறது. செத்துப்போவேனோ. எழுதிவிட்டு அடித்தேன். அடித்தும் தெரிகிறது.

மே 9, சனி

நடுக்கிணற்றில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டன. கட்டையாகிவிட்டன. கத்த வாயைத் திறந்தேன், தண்ணீர் போனது. மேலே வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது. கவிதா என் சடையைப் பிடித்து இழுத்தாள். பிறகு மிஸ்ஸின் கை. படிக்கட்டில் கிடத்தினார்கள்.

"காலையில இன்னா குடிச்ச?"

"ஒண்ணும் இல்ல மிஸ்."

மிஸ் மற்றவர்களைப் பார்த்தார். "நீ? நீ?" எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். மிஸ்ஸுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவரும் குடிப்பதில்லையாம். அவருக்கும் அதே கொல்லைதானே.

ஸ்கூட்டியில் நேராக டாக்டரிடம். அங்கே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் நாளைக்கு. சடை பிடித்த இடம் இன்னும் எரிகிறது.

மே 10, ஞாயிறு

காமாலை இல்லை!

டாக்டர் சொன்னது: "தண்ணிக்குள்ள இருந்தாலும் வேர்க்கும்மா, ஒனக்குத் தெரியல, அவ்ளோதான். ஒடம்புல தண்ணி இல்ல. இருந்த உப்பையும் நீயே நிறுத்திக்கின." ஒரு வாரம் கிணற்றில் இறங்கக் கூடாது. சோறு, குழம்பு, உப்புப் போட்ட மோர். நிறம் வெளுக்கும்வரை குடிக்க வேண்டும்.

செலக்‌ஷன்? "அப்புறம் பாக்கலாம்" என்றார் மிஸ். கிணற்றோரம் கொம்பு நட்டு, பழைய புடவை கட்டி மறைப்பு போட்டிருக்கிறாராம், கவிதா சொன்னாள். "அம்மாகிட்ட நீயே சொல்லு. நாளைக்குள்ள சொல்லலன்னா நான் வருவேன்" என்றும் மிஸ் சொல்லியிருக்கிறார்.

பூசை முடிந்து அம்மா சந்தோஷமாக வந்தாள். என் பெயருக்கு மெழுகுவத்தி வைத்தாளாம். சொல்ல முடியவில்லை.

மே 11, திங்கள்

நான் எழுவதற்குள் அம்மா தொண்டூர்ப் பக்கம் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டாள். உப்பு டப்பாவைத் திறந்தேன். நைனா பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, அதுக்குள்ள முடிச்சிட்டியா? ஒங்கம்மா இன்னும் தொடலையே."

"அம்மாவா?"

"நீ ஆரம்பிச்ச அன்னிக்கே அவளும் ஆரம்பிச்சிட்டா. ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னா."

கத்திரி வெயில். குனிந்தே செய்கிற வேலை. எலுமிச்சை, சர்க்கரை, உப்பு, தண்ணீர் எல்லாம் கேனில் கலக்கினேன். பாதி கீழே கொட்டியது. சைக்கிள் மிதிக்கும்போது அவ்வளவு பயம், கிணற்றில் மூழ்கியபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். தலை சுத்துது, வெயிலுதான் என்றாள். கேனை நீட்டினேன். ஒரு வாய் வைத்ததும் துப்பினாள். "உப்பு போட்டிருக்கியா? ஞாயித்துக்கெழம வரைக்கும் கூடாதுடி. வேண்டுதல முறிச்சா ஒனக்குத்தான் ஆகாது."

சொல்லிவிட்டேன். நிறம், கீழாநெல்லி, பொய், கிணறு, சடை. கூட வேலை செய்கிற பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடிப்பாள் என்று நினைத்தேன். கேனை வாங்கி முழுவதும் குடித்தாள். பிறகு என் கால்களைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

வீட்டில் படுக்க வைத்திருக்கிறேன். இப்போது பரவாயில்லை. கொஞ்ச நேரம் முன்பு கண்ணை மூடியபடியே கேட்டாள்: "ஒன்னுது பொய்யி, சரி. நான் வேண்டிக்கினது நெசம்தானடி. அதை யாரு மாதாகிட்ட சொல்றது?"

உப்பு போட்டு இன்னொரு டம்ளர் கலக்கிக்கொண்டு போய் நின்றேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.