கால் நீட்டிப் படுக்க இடமுள்ள வண்டி

இன்று காலை பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி நம் வண்டியை விலைக்குப் பார்க்க வந்திருந்தார். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஆறு மாதமாக ஓடாமல் நிற்கிறதே, அந்தச் சின்ன ஸ்டேஷன் வேகனைத்தான். பின்கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. நனைந்த மரமும் தேயிலைத் தூளும் நாய்ப் படுக்கையும் கலந்த வாடை. எத்தனை தடவை கழுவினோம், எத்தனை வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டோம், போகவே இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது.

வியாபாரி விவரமானவர். டயரை உதைத்துப் பார்த்தார், குனிந்து அடித்தட்டைப் பார்த்தார். பின்சீட்டின் கொண்டியைத் தட்டி விட்டு அதை முன்னால் மடக்கினார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறி மல்லாந்து படுத்துக் காலை நீட்டினார். "நல்லா காலு நீட்டலாமே அண்ணாச்சி" என்றார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். வேறு யாருக்கும் எழுதவும் முடியாது.

நயா பைசா வந்த புதிது அது. செங்கோட்டைக்கு மேலே, ஆரியங்காவு தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டில் துரை ஊரைவிட்டுப் போகிறார், வண்டியை விற்கிறார் என்று உனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நீ அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் தென்காசியில் பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தேன். அண்டாவையும் குண்டாவையும் மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினால் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒன்றாவது நசுங்கிவிடும். சீசன் வந்துவிட்டால் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் ரயிலடியில் வண்டி கிடைக்காமல் மூட்டை முடிச்சோடு நிற்பார்கள். இரண்டுக்கும் ஒரே வண்டி போதும் என்று நீதான் சொன்னாய். பணம் என்னுடையது, உழைப்பு உன்னுடையது என்று பேச்சு. பேப்பர் என் பேரில் ஆனது. அது பின்னால் எதற்கெல்லாம் உதவும் என்று அன்றைக்கு நம் இருவருக்குமே தெரியாது.

மலையில் மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. வண்டியின் பின்பாதியில் மரச்சட்டம்; அதில் பாசி பிடித்திருந்தது. ஒரு மூலையில் சின்னதாய் ஒரு காளான்கூட முளைத்திருந்தது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. துரையின் பட்லர், "துரை ஊருக்குப் போகுன்னு, கொண்டு போகான் பற்றில்ல, அதாணு கொடுக்குன்னது" என்று மலையாளத்தில் என்னைச் சமாதானப்படுத்தினார். கூடக் கொண்டுபோக முடியாததால்தான் விற்கிறாராம். துரையின் நாய் பின்னால்தான் படுத்துக்கொண்டு வருமாம், வேறு குறை ஒன்றும் இல்லையாம். நீ எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாய். ஆயிலை விரலில் தொட்டு உருட்டிப் பார்த்தாய். கடைசியில் சீட்டை மடக்கிவிட்டு, அந்த நாய்மயிர் ஒட்டிய பலகைமேலேயே சட்டையோடு படுத்துக் காலை நீட்டினாய்.

"ஆறடி ஆளு படுத்தாலும் இடம் இருக்குலே. மடக்குனா அண்டாவுக்கு எடம், நிமுத்துனா ஆளுக்கு எடம். எவன் வந்தாலும் எடம் குடுக்கும் இது."

உன் உள்ளங்கால் பின்கதவைத் தொட்டுக்கொண்டிருந்தது. உனக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. நான் சிரித்தேன்.

நல்ல வருஷங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனி ஆடியில் நீ ரயிலடிக்கும் அருவிக்குமாக ஒரு நாளைக்கு எத்தனை நடை போனாய் என்று உனக்கே தெரியாது. தலையில் எண்ணெய் வழிய வழிய ஏறுகிற ஆட்களிடம் சீட்டில் சாயாதீர்கள் என்று நான் சொல்லச் சொல்லுவேன். நீ சொல்ல மாட்டாய். ஐப்பசி பிறந்தால் சீட்டை மடக்கி அண்டா, ஜாரணி, இட்லிக் கொப்பரை என்று அடுக்குவாய். கல்யாணத்துக்கு முதல் நாள் சந்தைக்குப் போய்ப் பூசணிக்காயும் வாழை இலையும் ஏற்றி வருவாய். ஐந்து பேர் போகிற வண்டியில் ஒரு கல்யாணமே போகும். முதல் தடவை பண்பொழி மலைக்கோயில் அடிவாரத்தில் பூசை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கியபோது நீ என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். "பிரேக்கு பிடிக்கணும்னு" என்றாய். நீ அப்படித்தான்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். என் கடையில் இரண்டு அறை. முன்னறைப் பாத்திரம் கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு. பின்னறைப் பாத்திரம் பதினாறாம் நாள் காரியத்துக்கு. இரண்டும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. கரண்டிக்குக்கூட வேறு வேறு புள்ளி அடித்து வைத்திருந்தேன். ஊர் என்னை நம்பியது அதற்காகத்தான். அதே சட்டத்தை வண்டிக்கும் வைத்தேன். நல்ல காரியத்துக்கு மட்டும்தான் ஓடும், சவத்தை ஏற்றக்கூடாது. நீ சரி என்று தலையை ஆட்டினாய். உன் தலையாட்டலை நம்பியது என் தப்பு.

ஒரு கார்த்திகை மழையில் வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவரின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரி வாசலில் அந்த மனுஷர் ஒவ்வொரு வண்டியாகக் கையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒருவரும் ஏற்றவில்லை. நீ சீட்டை மடக்கி, அவளைப் படுக்க வைத்து, ஊருக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்திருக்கிறாய். வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டாய். என்னிடம் மூச்சுவிடவில்லை.

அவர் நன்றி சொல்ல வந்திராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பத்து நாள் கழித்து, மொட்டைத் தலையோடு, ஒரு வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். உன் பேரைச் சொல்லி, அந்தத் தருமவானைப் பார்க்க வேண்டும் என்று அழுதார். அப்போது பாவூர்சத்திரத்துக் கல்யாண வீட்டார் முன்னறையில் பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எடுத்த பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஊருக்குள் செய்தி போக ஒரு பொழுது போதுமானதாக இருந்தது.

நீ வந்ததும் சாவியைக் கேட்டேன்.

"பிள்ளை பெத்த பொம்பளைய மழையில போட்டுட்டு வரச் சொல்லுதியா?" என்றாய்.

"பாத்திரத்துக்கு ரெண்டு அறை இருக்கு. வண்டி ஒண்ணுதான் இருக்கு" என்றேன்.

"அப்ப அந்த ஒண்ணுலதானலே எல்லாரும் போகணும்."

கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின்மேல் சாவியை வைத்துவிட்டுப் போனாய். நீ திரும்பி வருவாய் என்று இருந்தேன். நான் கூப்பிடுவேன் என்று நீ இருந்திருப்பாய். நீ சந்தைக்கு லாரி ஓட்டப் போனாய். நான் வேறொரு டிரைவரை வைத்தேன். வண்டியைப் பண்பொழிக்குக் கொண்டுபோய் மறுபடி பூசை போட்டு, தீட்டுக் கழியப் புண்ணியாகவாசனம் செய்து, பழைய பேரை மெல்ல மெல்ல மீட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

இனி எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் மனைவிக்குத் தெரியும், அவளும் சொன்னதில்லை.

அடுத்த வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். இலஞ்சி கோயிலில் கல்யாணம். பெண்ணைத் தென்காசியிலிருந்து நம் வண்டியில்தான் அழைத்துப் போவதாகப் பேச்சு. வண்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் பூச்சரம் கட்டியாகிவிட்டது. டிரைவர் ஏறப்போகிற நேரம் உன் மனைவி ஓடி வந்தாள். இரண்டு நாளாக உனக்கு வயிற்றுவலி, இப்போது வயிறு கல்லாகிவிட்டது என்றாள். "குடல்வாலு வெடிச்சிருக்கும், உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்கன்னு டாக்டர் சொல்லுதாரு அண்ணாச்சி. உக்கார முடியல்ல. படுக்க வச்சுத்தான் கொண்டு போகணும்."

ஊரில் டாக்சி இருந்தது. ஆனால் படுக்க வைக்கிற வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது உனக்கே தெரியும், நீ படுத்துப் பார்த்து வாங்கியது.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூச்சரத்தைப் பார்த்தேன். உன்னை ஏற்றி, வழியில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ பிழைப்பாயா என்று நினைக்கவில்லை. வண்டி என்னவாகும் என்று நினைத்தேன். அதுதான் நடந்தது.

"பொண்ண எறக்கி விட்டுட்டு வந்துருதேன். ஒரு மணி நேரம்" என்றேன்.

அவள் கெஞ்சியிருந்தால் ஒருவேளை இளகியிருப்பேன். அவள் கெஞ்சவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே ஓடினாள்.

இலஞ்சியில் பெண்ணை இறக்கியதும் திரும்பியிருக்கலாம். பெண்ணின் மாமா, தாலி கட்டி முடிகிற வரை வண்டி கோயில் வாசலில் நிற்கட்டும், பெண் வந்த வண்டி வெறுமனே திரும்பக்கூடாது என்றார். அப்படி ஒரு வழக்கம் உண்டு. நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நின்றேன். கெட்டிமேளம் கேட்ட பிறகுதான் கிளம்பினேன். அந்தப் பெண் இப்போது இரண்டு பிள்ளைகளோடு சீசனுக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து விசாரிப்பாள். நல்ல ராசியான வண்டி என்பாள்.

உன் சந்துக்குள் வண்டி நுழைந்தபோது பூச்சரத்தை அவிழ்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கட்டிலோடு உன்னைத் தூக்கி வந்தார்கள். உன் முகம் சாம்பலாக இருந்தது. வண்டியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"என்னலே, எனக்குப் பூவெல்லாம் கட்டிக் கொண்டாந்திருக்க?" என்றாய்.

நான் பின்கதவைத் திறந்தேன். எத்தனையோ பதில் பிறகு தோன்றியிருக்கிறது.

சீட்டை மடக்கிப் படுக்க வைத்தோம். உள்ளங்கால் பின்கதவைத் தொட்டது. உன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். உன் மனைவி உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவூர்சத்திரம் தாண்டுகிற வரை முனகிக்கொண்டிருந்தாய். டிரைவர் மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போகிறான் என்று ஒருமுறை எரிச்சல்பட்டாய். ஆலங்குளத்துக்கு அப்பால் மடியில் திடீரென்று கனம் கூடியது. உன் மனைவிதான் முதலில் உன் காலை விட்டாள்.

இருந்தும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயந்து கேட்கவில்லை. அந்தப் பயத்தால் இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் உடலோடு திரும்பி வருகிறபோது சந்தைக்கு வந்தவர்கள் வண்டியைப் பார்த்து விலகி நின்றார்கள். முன்னால் பூச்சரம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

இதோடு நான் நின்றேன் என்று நினைக்காதே. உன் பதினாறாம் நாளுக்கு முன்பே, பாத்திரத்தைப் போல வண்டியையும் முன்னறைக் கணக்கிலிருந்து பின்னறைக் கணக்குக்கு மாற்றினேன். இனி காரியப் பாத்திரம் மட்டும்தான் ஏறும் என்று விதி போட்டேன். உன்னை ஏற்றியதால் தீட்டான வண்டி அது. உன் காரியத்துக்குப் பாத்திரமும் அதில்தான் போனது. உன் மனைவி ஒவ்வொன்றாக எண்ணி வாங்கி, தேய்த்துக் கழுவித் திருப்பி அனுப்பினாள்.

இன்று காலைக்கு வருகிறேன். தண்ணீரைக் குடித்துவிட்டு வியாபாரி கேட்டார். "ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. இதுல கெட்டது எதும் ஏத்தியிருக்கியளா?"

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். "ஒருத்தர் இதுல இறந்திருக்காரு" என்றேன்.

"யாரு?"

"வண்டி ஓட்டின டிரைவர்."

அப்படித்தான் சொன்னேன். என் சிநேகிதன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவர் முகம் சுளிப்பார், துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன். போயிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஊரே இப்படித்தான், நான் ஒருவன் மட்டும் இல்லை என்று இருந்துவிடலாம். அவர் சிரித்தார். "அதுக்கென்ன அண்ணாச்சி, வெண்டைக்காயும் தக்காளியும் தீட்டா பாக்கும்? கழுவிட்டாப் போச்சு" என்றார். வெற்றிலை பாக்கில் முன்பணத்தை வைத்துக் கொடுத்துவிட்டு, நாளைக் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

கழுவிவிட்டால் போச்சாம். எதற்காக உன்னை ஒரு மணி நேரம் காக்க வைத்தேனோ, அது ஒரு வாளித் தண்ணீர் சமாசாரமாம்.

அவர் போன பிறகு பின்னால் ஏறிப் படுத்துப் பார்த்தேன். உன் உயரம் எனக்கு இல்லை. காலை நீட்டியும் கதவு எட்டவில்லை, ஒரு சாண் மிச்சம் இருந்தது. கழுவ மனம் வரவில்லை, இறங்கி வந்துவிட்டேன். வண்டி நாளைக்குப் போய்விடும். ஆலங்குளத்துக்கு அப்பால் கனத்ததே உன் தலை, அதை யாரிடமும் இறக்க முடியவில்லை. உட்கார்ந்தால் மடியில் இருக்குதுலே.