அய்லியின் ஆறாவது பாட்டு

2025 ஜனவரி 21, செவ்வாய்

வெளியே மைனஸ் பதினெட்டு. ஹீற்றரின் இரைச்சல் மைக்கில் விழுகிறது என்று அதை நிறுத்திவிட்டு, நானும் அய்லியும் ஜக்கெற்றோடு இருந்து ஐந்தாவது பாட்டை முடித்தோம். விரல் விறைத்து அவள் கிற்றாரில் இரண்டு தடவை பிழைவிட்டாள். மூன்றாவது தடவை பாடியது அருமை.

அரங்கேற்றப் பாட்டும் கல்யாண வீடியோவுக்குக் குரலும் பதிகிற என் ஸ்காபரோ ஸ்ரூடியோவுக்கு ஒரு ஸ்கொட்லாந்துக்காரி வருவாள் என்று நான் நினைத்ததில்லை. இருபத்துநாலு வயது. மேற்குக் கரையில் ஒரு சின்னத் தீவு அவளுடைய ஊர். இங்கே வந்து இரண்டு வருடம், பகலில் பூக்கடையில் வேலை. பாட்டெல்லாம் ஊர்ப் பழைய மெட்டுகளின் மேல் அவளே எழுதுவது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. மார்ச் முதலாம் திகதிக்குள் ஆறையும் ஒரு கோடை இசை விழாவின் தெரிவுக்கு அனுப்பவேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

ஆறாவது பாட்டு சரிவரவில்லை.

அவளுடைய தீவில் முன்பு பெண்கள் நனைத்த கம்பளித் துணியை மேசையைச் சுற்றி இருந்து அடித்து இறுக்குவார்களாம். ஒருத்தி முன்னுக்குப் பாட, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். அந்த மெட்டில் அய்லி புதிதாக எழுதியிருக்கிறாள். காற்றுப் பலத்துக் கப்பல் நின்றுவிடுகிறது. அக்கரையில் அகப்பட்ட அம்மா. வீட்டில் மகள் கருக்கிய பாண். எனக்கு நன்றாகப் பிடித்தது.

ஆனால் பதில் பாட ஆளில்லை. அவளுடைய குரலையே எட்டுத் தடவை பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். கேட்டோம். ஒருத்தி தனியே இருந்து தன்னோடு கதைப்பது போல இருந்தது.

ஜனவரி 25, சனி

திரும்பக் கேட்டேன். இன்னும் மோசம்.

ஜனவரி 28, செவ்வாய்

அய்லி அழுத முகத்தோடு வந்தாள். பாட்டை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அம்மா மொறாக், தீவின் கப்பல் கந்தோரில் ரிக்கற் கொடுப்பவர். ஊரில் பேர்போன பாட்டுக்காரி. அய்லிக்குத் தெரிந்த மெட்டெல்லாம் வீட்டில் அவர் பாடிக் கேட்டவைதான். அவர் சொன்னது இவ்வளவுதான்: "இது பலபேர் சேர்ந்து வேலை செய்யும்போது பாடுகிற பாட்டு. மெஷினை வைத்துக் கூட்டம் காட்டாதே. அதைவிடப் பாடாமல் விடு."

ஐந்தோடு அனுப்புவோம் என்றேன். அந்தப் பாட்டு இல்லாமல் அனுப்பமாட்டேன் என்கிறாள்.

எனக்கு ஒரே எரிச்சல். மனுசி சொன்னதிலை பிழை ஒண்டும் இல்லை, அதுதான் கூடின எரிச்சல். எட்டுத் தரம் பதிஞ்சு வைச்சது நான்தானே?

ஜனவரி 30, வியாழன்

பக்கத்துக் கடைக்கு ரோல்ஸ் வாங்கப் போனேன். இராஜேஸ்வரி அன்ரியின் கேற்றரிங் கடை. பின்பக்கம் நீள மேசை. அன்ரி, அவவிடம் வேலை செய்யும் ஸ்டெபனி, இன்னும் மூன்று பெண்கள் சுற்றிநின்று ரோல்ஸ் சுற்றுகிறார்கள். கையும் ஓடுகிறது, வாயும் ஓடுகிறது. ஒருத்தி ஒன்றைத் தொடங்க மற்றவர்கள் எல்லோரும் ஒரேயடியாகப் பதில் சொல்கிறார்கள்.

நான் வந்த காரியத்தை மறந்து நின்றேன். அந்தப் பதில் அடிகளில் இருப்பது அர்த்தமில்லாத ஓசைகள்தான் என்று அய்லி சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் அவளுடைய காலிக் மொழி தெரியாவிட்டால் என்ன?

"அன்ரி, திங்கள் கடை பூட்டுத்தானே? ஒரு மணித்தியாலம் பாட ஏலுமோ?"

"எனக்குத் தேவாரமே இழுபடும், பிள்ளை."

"அதுதான் வேணும்."

பெப்ரவரி 3, திங்கள்

மைக்குகளைக் கடைக்கே காவிக்கொண்டு போனேன். அய்லி மேசையைத் துடைத்து, நனைத்த கம்பளிப் போர்வை ஒன்றை விரித்தாள். அன்ரி கையைக் கட்டிக்கொண்டு நின்றா.

"உது சேர்ச் பாட்டோ? விளங்காமல் நான் வாய் திறக்கமாட்டன்."

"சேர்ச் பாட்டெண்டால் எனக்குத் தெரியாமல் இருக்குமோ, அக்கா?" இது ஸ்டெபனி, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவள்.

அய்லி கதையைச் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். காற்று. கப்பல் வரவில்லை. இரண்டு நாள். அக்கரையில் அம்மா.

அன்ரி கட்டிய கையை எடுத்துப் போர்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தா.

"கிளாலியிலை நாங்கள் மூண்டு நாள் நிண்டனாங்கள், வள்ளத்துக்கு. சண்டைக்காலம். இண்டைக்கு வெளிக்கிடும் எண்டுவாங்கள், பிறகு இல்லை எண்டுவாங்கள்."

கிளாலி ஊரில் ஒரு கடல்நீரேரி, சண்டைக்காலத்தில் வள்ளத்தில் அதைக் கடந்துதான் வெளியேறவேண்டும் என்று சேர்த்து அதை நான் அய்லிக்குச் சொன்னேன். அன்ரி காப்பைக் கழற்றி ஓரமாக வைத்தா.

"சரி. எங்கை அடிக்கிறது, காட்டு."

முதல் மூன்று தடவையும் குழப்பம். எல்லோர் முகத்திலும் தண்ணீர். ஸ்டெபனி ஒவ்வொரு முறையும் அரை அடி பிந்தினாள். நாலாம் தடவை அவளைப் பார்த்து மற்றவர்களுக்குச் சிரிப்பு வர, அந்தச் சிரிப்போடேயே பதில் எழும்பியது. அய்லியின் குரல் அதன்மேல் ஏறிப் போனது. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நானும் போய் மேசையில் அடித்தேன்.

பெப்ரவரி 4, செவ்வாய்

உள்ளங்கை சிவந்துபோய் இருக்கிறது. ஸ்டெபனி போன் எடுத்து, தன்னுடைய அடியை மட்டும் வெட்டிவிடச் சொன்னாள். வெட்டமாட்டேன் என்றேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அய்லி அம்மாவுக்கு அனுப்பினாள். பதில் இல்லை. கடைக்குப் போனால் அன்ரி முதலில் கேட்பது, "தாய் என்னவாம்?" நான் என்னத்தைச் சொல்ல? பழையதுக்கு அண்டைக்கே பதில் வந்தது. இதுக்கு ரெண்டு நாள் — பிடிக்கேல்லையோ?

பெப்ரவரி 13, வியாழன்

பனி கொட்டிக் கிடக்கிறது. அன்ரிக்கு ஓடரும் இல்லை. அய்லி பஸ்ஸில் வந்து, என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய், பூட்ஸோடேயே நின்று போனை மேசையில் வைத்தாள்.

மொறாக் ஒன்றும் எழுதவில்லை. கப்பல் கந்தோரில் தன்னோடு வேலை செய்யும் பெண்களைக் கூட்டி, மகளுடைய பாட்டைப் பாடி அனுப்பியிருக்கிறார். கடைசியில் மூன்று அடி புதிது. அன்ரி சொன்ன கதையை அய்லி அவருக்கு எழுதியிருந்தாளாம்.

"கடைசியிலை என்னவாம்?" என்றா அன்ரி.

அய்லி சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன். நீர்க்கரையில் மூன்று நாள் நின்றாள் ஒருத்தி. இன்று இன்றென்று சொன்ன படகு வரவில்லை. இன்று அவள் என் மகளோடு ஒரே மேசையில்.

அன்ரி ஏப்ரனில் கையைத் துடைத்தா. துடைத்துக்கொண்டே இருந்தா.

"கையிலை பிள்ளையும் இருந்தது எண்டு சொல்லு. நிதுசன். அப்ப எட்டு மாதம்."

அன்ரி ஏப்ரனை விட்டுக் கையை மேசையில் ஊன்றினா.

"இப்ப மிசிசாகாவிலை ஏர்போர்ட் வேலை. அதையும் போடலாமெண்டால் போடச் சொல்லு."

ஸ்டெபனிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அய்லி ரோல்ஸ் பெட்டி மட்டை ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

ஏப்ரல் 16, புதன்

பெப்ரவரி கடைசியில் ஆறையும் அனுப்பினோம்; விழாவுக்கு எடுத்துவிட்டார்கள், யூலை 5. படிவத்தில், மேடைக்கு எத்தனை பேர் என்ற இடத்தில் அய்லி ஒன்று என்று எழுதி, அதை வெட்டி, ஏழு என்று எழுதினாள். என்னையும் சேர்த்துத்தான்.

பின்னேரம் பக்கத்துக் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அன்ரியின் கையெழுத்தில்: "யூலை 5 சனிக்கிழமை ஓடர் எடுக்கமாட்டோம். பாட்டு இருக்கிறது."