நெல்ஸின் தாளில் அப்பா எழுதியது

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு,

இங்கே டுலூத்தில் ஏரி இன்னும் உறைந்தபடிதான் கிடக்கிறது, எங்கள் மூட்டுகளும் அப்படியே, மற்றபடி மூவரும் சுகம். அலாஸ்காக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும், ஈரக் காலுறையோடு படகில் நிற்கிறவள்தானே நீ. தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். கூப்பிட்டால்தான் நீ எடுப்பதில்லையே. உன் குரலைக் கேட்டதும் தம்பி நெல்ஸ் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான் என்று, ஞாயிறு மதிய வீடியோப் பேச்சைக் கிறிஸ்துமஸோடு நிறுத்திவிட்டாய், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

நெல்ஸுக்கு நடத்தைப் பயிற்சி கொடுக்க ஷானா என்றொரு பெண் வருகிறாள், சின்ன வயது, ஆனால் அப்பாவையே அதட்டுகிற ஆள். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். அவன் தலையை மோதும்போதெல்லாம் அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று குறிக்கவேண்டும். அந்த வேலையை உன் அப்பா பிடுங்கிக்கொண்டார். அவர் எழுதினதைப் பார்க்கவேண்டுமே! முன் நடந்தது: "பிடிவாதம்." அடுத்த நாள், "நம்ம ஹாக்கி அணி தோத்துப்போச்சு." இன்னொரு நாள், உன் இங்க்ரிட் அத்தை வீடியோவில் பேசிய பிறகு, "இங்க்ரிட்டின் வாய்." கூடப்பிறந்தவள் என்றும் பார்க்கவில்லை மனிதர். ஒரு நாள் மட்டும், "அக்காவுக்கு ஏங்குறான்" என்று எழுதியிருந்தார். ஷானா எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "சார், ஏக்கம் கண்ணுக்குத் தெரியாது. நீங்க கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க" என்றாள். "அப்ப ஏக்கம்னு ஒண்ணு இல்லவே இல்லையாம்மா?" என்று இவர் சண்டைக்குப் போனார். "இருக்கும் சார், ஆனா அத வச்சு நான் என்ன செய்யறது?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு முணுமுணுத்துக்கொண்டே அவள் சொன்னபடி எழுத ஆரம்பித்தார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அத்தை பேசிக்கொண்டிருக்கும்வரை இவன் ஆடிக்கொண்டு சிரிக்கிறான், அவள் விடைபெற்றுத் திரை கறுத்ததும் மோதுகிறான். ஹாக்கி நடுவில் தொலைக்காட்சியை அணைத்தாலும் அதே கதை. காரணம் உன் குரலும் இல்லை, அத்தை வாயும் இல்லை. கண்முன் இருந்தது சொல்லாமல் கொள்ளாமல் மறைவதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அதனால் ஷானா ஒரு மணல் கடிகாரம் கொண்டுவந்து வைத்தாள், மணல் தீர்ந்ததும் அழைப்பைத் துண்டிக்கிற சிவப்புப் பொத்தானை அவனே அழுத்தவேண்டும். முதல் சில நாட்கள் படுத்தி எடுத்தான், இப்போது அதில் ஒரே குஷி. போன வாரம் அத்தை தன் முழங்கால் அறுவைக் கதையைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெட்டிவிட்டான், அவள் இன்னும் எங்களோடு பேசவில்லை, வீடு நிம்மதியாக இருக்கிறது. நெற்றிக் காயமும் ஆறிவிட்டது. மோதல் இல்லாததால் அப்பாவுக்கு எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் கை சும்மா இருக்குமா, கண்ணில் படுவதையெல்லாம் எழுதுகிறார். போன ஞாயிறு எழுதினதை அப்படியே தருகிறேன்: "மதியம். நெல்ஸ் சட்டைக் கையால் திரையைத் துடைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மணல் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்தான். யாரும் கூப்பிடவில்லை." ஷானா அதில் ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை கிர்ஸ்டன், குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

உனக்குப் புகைபோட்ட மீன் அனுப்பியிருக்கிறேன், கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடு, தனியாக ஒளித்துவைத்துத் தின்னாதே. கடவுள் உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும். இந்த ஞாயிறு மதியம் கட்டாயம் கூப்பிடு. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடு, நடுவில் வெட்டினால் கோபித்துக்கொள்ளாதே. முடிப்பதை அவன் பார்த்துக்கொள்வான், தொடங்குவதற்குத்தான் அவனிடம் பொத்தான் இல்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா
சொல்வி