டப்பாவைக் கடலில் எறிந்த கதை

அன்புத் தங்கை இங்குனுக்கு,

தூவாவை என் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பியபோதே இதெல்லாம் நடக்கும் என்று சொன்னேன். என் வாக்கு என்றைக்குப் பொய்த்தது? உன் முட்டிவலி தேவலையா?

பள்ளித் தோழிகளைப் போல உன் மகள் தூவாவும் உதட்டுக்கடியில் போதை தரும் குட்டி நிக்கோட்டின் பொட்டலம் அடக்குகிறாள்.

"விட்டுத் தொலையேன்டி!"

"விட்டா கை நடுங்குது, தூக்கம் வரல. மாட்டிக்கிட்டேன் மாமா."

படகுத்துறையில் நிறுத்திப் பிரசங்கம் செய்தேன் பார், கடற்காகங்களே வாயடைத்துப்போயின! பொட்டல டப்பாவைக் கடலில் எறிந்துவிட்டுச் சிரித்தாள்.

அவளுடைய பழைய கம்பளிப் போர்வையைத் தபாலில் அனுப்பு. எனக்கும் இரண்டு காலுறை.

மீன் ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓட வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன், சிரித்தாள் என்றது என் கைச்சரக்கு. எறிந்த டப்பாவை எடுக்க அந்தக் குளிர்நீரில் குதிக்கப் போனாள். அவள் மேல்கோட்டைப் பிடித்து இழுத்தேன். போர்வையைத் தபாலில் போடாதே, நீயே கொண்டு வா.

அண்ணன் ஓட்வார்