பதினொரு பக்கம் மேற்படி

மார்ச் 3, செவ்வாய்

இயக்குநர் இன்றும் கூப்பிட்டார். வரைபடத்தில் மஞ்சள் அதிகமாம். "பாக்கறவங்க மனசு குளிர வேண்டாமா மேடம்? கொஞ்சம் பச்சையைக் கூட்டுங்களேன்." என்ன, உப்பா கூட்டுவதற்கு?

காட்டை வெட்டி நிலம் திருத்தத் தொடங்குவதற்கு முன் இந்த நாட்டில் எங்கே எது தானாக முளைத்திருந்தது என்பதற்கான வரைபடம் இது. பச்சை காடு, மஞ்சள் புல்வெளி. ஆறு வருட வேலை. அந்தக் காலத்து நில அளவையாளர்கள் சங்கிலி பிடித்து நடந்து, நின்ற இடத்திலெல்லாம் கண்ணில் பட்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். நாங்கள் அதைப் படித்து நிறமாக மாற்றுகிறோம். "மரம் இல்லேன்னா வெட்டிட்டாங்கன்னுதானே அர்த்தம்?" என்கிறார் இவர். ஆறு வருடமாக இதே கேள்வி. செவிடன் காதில் ஊதிய சங்கு.

மார்ச் 5

மறுபடியும் விளக்கினேன். மறுபடியும் "அப்ப மரமெல்லாம் எங்க போச்சு?" தலைவலி.

மார்ச் 10

வடக்குச் சமவெளிக்குப் போய் வந்தேன். நடவுத் துறை அடுத்த மாதம் அங்கே நான்கு லட்சம் மரக்கன்று வைக்கப்போகிறது. எங்கள் வரைபடத்தில் அந்த இடம் கரும்பச்சை, அடர்காடு. இருந்த காட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறோம் என்று அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மண் எப்படி என்று பார்க்க ஆளுயரத்துக்கு இரண்டு பள்ளம் தோண்டச் சொன்னேன். செத்த மரவேர் ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழே வரை புல்லின் மெல்லிய வேர் மட்டும். வெளியே இடுப்பளவு புல். தரையில் கூடு கட்டும் குருவிகள் காலடியிலிருந்து எழும்பிப் பறக்கின்றன. வெட்டி அழித்த காடு இப்படியா இருக்கும்?

வரைபடத்தில் அந்த வடக்குத் தாளுக்கு நிறம் போட்டது யார்? நான்தான். முதல் வருடம்.

மார்ச் 12

ஆவணக் காப்பகம். அங்கிருக்கும் காப்பாளரை எல்லோரும் தூசி என்பார்கள். போனை எடுத்தால் அவரே "தூசி பேசறேன்" என்பார். வடக்குச் சமவெளியை அளந்தவரின் மூலக் குறிப்பேட்டை மேஜையில் வைத்தார். நான் அன்று நகலை வைத்துத்தான் வேலை செய்தேன்.

அறுபத்திரண்டாம் பக்கம் தொடங்கிப் பதினொரு பக்கத்துக்கு ஒரே சொல். மேற்படி. மேற்படி. மேற்படி. நடந்து சலித்த மனிதர், எழுதியதையே திரும்ப எழுதச் சோம்பல்பட்டிருக்கிறார். அறுபத்தொன்றில் 'அடர்ந்த காடு' என்று இருக்கிறது. அதனால் நானும் பதினொரு பக்கத்துக்கும் பச்சை அடித்தேன்.

தூசி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "மேடம், அறுபத்தொண்ணுல தேதி பாத்தீங்களா? நாலு மாசம் தள்ளி இருக்கு. கரையான் அரிச்சப்புறம் இதைப் பிரிச்சுத் திரும்பத் தைச்சிருக்காங்க. எங்கயோ இருந்த தாளைக் கொண்டுவந்து இங்க சொருகிட்டாங்க. பக்க எண்ணெல்லாம் அப்புறம் போட்டது."

அறுபத்திரண்டுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய, தேதி பொருந்தும் தாள் கடைசியில் கிடந்தது. 'புல். கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லை. எல்லை குறிக்க மரம் கிடைக்காததால் கல் குவித்தோம்.'

தேதியைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லையே நான்! கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு எனக்கு?

மார்ச் 13

இயக்குநரிடம் சொன்னேன். "இப்ப வந்து சொல்றீங்களே! குழி வெட்ட ஆள் இறங்கியாச்சு." பிறகு, "மரம்தானே வைக்கறாங்க, கெட்ட காரியமா பண்றாங்க?"

நிழல் விழுந்தால் அந்தப் புல் போய்விடும், ஏர் படாமல் மிஞ்சிய புல்வெளி அவ்வளவு பெரிதாக வேறெங்கும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார்.

"அப்ப தப்பு உங்களோடதுன்னு எழுத்துல குடுங்க. ஆனா ஒண்ணு. இருபதாம் தேதி துணை இயக்குநர் பதவிக்கு உங்க பேர் போகுது. யோசிச்சுக்குங்க."

மிரட்டலா, அக்கறையா? இவரிடம் இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

மார்ச் 14

காலையில் கணவரிடம் சொன்னேன். "யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்பாங்க. வீட்டுக்குள்ளயே பாப்பேன்னு நினைக்கலை" என்றார். சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது.

"இருபதாம் தேதி முடியட்டும், அப்புறம் சொல்லேன்."

"ஒரு வாரத்துல எத்தனை குழி வெட்டுவாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ஒன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன் இந்தப் பதவிக்கு. ஒன்பது! எனக்குப் பின்னால வந்த ரெண்டு பேர் மேல போயாச்சு. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தூசி வாயைத் திறக்க மாட்டார். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 16

எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலே வரி. வடக்குத் தாளை அடர்காடு என்று குறித்தது என் பிழை, தேதியைச் சரிபார்க்காதது என் பிழை.

இயக்குநர் இரண்டு முறை படித்தார். "கொஞ்சம் சுத்தி வளைச்சு எழுதியிருக்கலாமே."

சுத்தி வளைக்கத் தெரிஞ்சிருந்தா எப்பவோ உங்க நாற்காலியில உக்காந்திருப்பேன் சார். சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 20

என் பெயர் போகவில்லை.

மார்ச் 23

குழி வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இயக்குநர் நடவுத் துறையோடு முக்கால் மணி நேரம் போனில் மல்லுக்கட்டினாராம். சத்தம் மாடிப்படி வரை கேட்டதாம். இனி அவரை நிம்மதியாகத் திட்டவும் வழியில்லை.

ஏப்ரல் 2

வடக்குச் சமவெளி. ஆயிரத்து முந்நூறு குழி. வெட்டிய மண்ணையே திரும்பத் தள்ளி மூடுகிறார்கள். நானும் ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டேன். எட்டாவது குழியில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மேஸ்திரிக்கு ஒரே எரிச்சல். "வெட்டுன்னாங்க, வெட்டினோம். இப்ப மூடுங்கறாங்க. ஆபீஸ்ல யாரோ தப்பா எழுதிட்டாங்களாமே?"

"நான்தாங்க அது."

மேலும் கீழும் பார்த்தார். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, குழி வெட்டாத பக்கமாகத் திரும்பி வெகுநேரம் புல்லைப் பார்த்தார்.

"சரி, எல்லாத்தையும் வெட்டி அழிக்கறதுக்கு முன்னாடி இங்க என்னதாம்மா இருந்துச்சு?"

"இதேதான்" என்றேன்.