கூப்பிட்டால் மட்டும்

அன்பு மகள் வாசுகிக்கு அப்பா எழுதுவது. இங்கே பண்டார் தெங்காராவில் நான், அம்மா, தம்பி மூவரும் சுகம், பெர்த் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இது என் கையெழுத்துதான்மா, யாரும் எழுதித் தரவில்லை. ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. நான் கண்ணாடியை எடுத்தாலே உன் அம்மா, தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி வந்துட்டாரு, டீ கலக்கவா என்று கேலி செய்கிறாள்.

எழுதக் கற்றதைப் போனில் சொன்னால் சிரிப்பாய் என்று மறைத்துவிட்டேன். தம்பி ரூபேந்திரனை வாரம் மூன்று நாள் ஸ்கூடாய்க்குப் பளு தூக்கும் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன் அல்லவா. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து கால் தானாக வெட்டி இழுக்கிறது, அதனால் பலகையில் படுக்கவைத்து வாரால் கட்டிவிடுவார்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூடேறிவிடும், தண்ணீர் தெளித்து ஈரத்துண்டு போடுவது என் வேலை. ஆனால் அவன் படுத்தபடி எடைக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளத் திணறினால் என் கை தானாகப் போய்த் தாங்கிவிடும். முப்பது வருஷம் செம்பனைக் குலை தூக்கிய கை, சொன்னால் கேட்கவில்லை. வேறு யார் விரல் பட்டாலும் அந்தத் தூக்கு கணக்கில் சேராது. கோச் காளிதாஸ் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், ஒரு நோட்டையும் பென்சிலையும் என்னிடம் கொடுத்து, எவ்வளவு தூக்குறான்னு எழுதுங்க ஐயா, கை சும்மா இருந்தாத்தானே வம்பு என்றார். எனக்கு எழுத்து தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தம்பியே ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தான், அவசரப்படாதீங்கப்பா, எழுத்து எங்கயும் ஓடாது என்பான். எட்டு மாதமாயிற்று.

போன சனிக்கிழமை மாநிலக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். நூற்றைந்து கிலோ தூக்கினால் இடம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். கம்பி அவன்மேல் விழாமல் பிடிக்க ஒரு பக்கம் காவலுக்கு நிற்க வேண்டியவர் பொந்தியானிலிருந்து வரும் வழியில் ஜாமில் மாட்டிக்கொண்டார். கோச் என்னைக் கூப்பிட்டார். என் கையைத் தெரிந்தும் கூப்பிடுகிறீர்களே, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். தம்பி படுத்தபடியே, "அப்பாவே நிக்கட்டும் கோச். அப்பா, நான் கூப்பிட்டா மட்டும் புடிங்க" என்றான். முதல் இரண்டு தடவையும் கம்பி கோணிக்கொண்டு போனது, செல்லாது என்றுவிட்டார்கள். மூன்றாவதுதான் கடைசி. பாதி தூரம் ஏறி அப்படியே நின்றுவிட்டது. அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. என் கை கம்பிக்கு ஒரு சாண் கீழே இருந்தது. தாங்கியிருந்தால் என் மனசு லேசாகியிருக்கும், அவனுக்கு எல்லாம் போயிருக்கும். அவன் கூப்பிடவில்லை, நானும் தொடவில்லை வாசுகி. கம்பி மெல்ல மெல்ல ஏறி நேரானது, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த மூன்று பேரும் சரி என்றார்கள். தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே பயந்துட்டீங்களாப்பா என்று கேட்டான், ஆமாம்டா என்றேன், நானும்தான் என்று சிரித்தான்.

அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த புண்ணும் ஆறிவிட்டது, தினமும் நானே பார்க்கிறேன், கவலைப்படாதே. பட்டது போதும், இதை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று போன மாதம் நீ அழுதாய், அக்கா மனசு, தப்பில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாரியம்மன் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த முறை போன் செய்யும்போது தம்பியிடம் வலிக்கிறதா என்று கேட்காதே. அடுத்தது எவ்வளவு தூக்கப்போகிறாய் என்று கேள், பிறகு அவன் பேசி முடிக்கும்வரை போனை வைக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
சதாசிவம்